ஆய்வாளர் தம்பதியருக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்: நிறுவனங்களுக்கான ஓர் ஒப்பீடு

தேர்வுக்குழு கூடி, நேர்காணல் முடித்து, உதவிப் பேராசிரியர் பணிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆணையும் அனுப்பிய பத்தாம் நாள், அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. நிறுவனத்தைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில், தம் மனைவியும் முனைவர் பட்டத்துக்குப் பின் ஐந்தாண்டுகளாக ஆய்வில் இருப்பதாகவும், அவருக்கும் அங்கே வழி உண்டா என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருப்பார். ஆசிரியர் நியமனக் குழுக்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்து வருபவள் என்ற முறையில், இந்தக் கடைசிப் பத்திக்கு நிறுவனங்கள் எப்படிப் பதில் எழுதுகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் "பார்க்கலாம்" என்பதுதான் பதில். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் செலவும் வேறு, விளைவும் வேறு. இந்தியாவில் அரசு நிதியில் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனம் அவற்றுள் எதைத் தேர்வது என்பதே இங்கே கேள்வி. ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: வேலை கிடைத்தவரைப் பற்றிக் கவலைப்பட ஆள் உண்டு; அவரோடு வருகிற இரண்டாமவர், ஐந்தாண்டு கழித்துத் தம் பெயரில் ஓர் ஆய்வகத்தோடு இருப்பாரா?

இயற்பியலாளர்கள் இந்தச் சங்கடத்தை 'டூ பாடி பிராப்ளம்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஒன்றையொன்று ஈர்க்கும் இரண்டு பொருள்களின் பாதையைக் கணக்கிட நியூட்டன் காலத்திலேயே வழி கிடைத்துவிட்டது. மூன்றாவது பொருள் சேரும்போதுதான் கணக்கு கைமீறிப் போகும். குழந்தை பிறந்த தம்பதியருக்கு இந்தப் பிற்பாதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேடிக்கை ஒருபுறம் இருக்க, இது எங்கோ ஓரிருவருக்கு நேர்வது அன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளேமன் நிறுவனம் அமெரிக்காவின் 13 முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 9,000 முழுநேர ஆசிரியர்களிடம் விவரம் திரட்டி 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 36 விழுக்காட்டினரின் வாழ்க்கைத்துணையும் கல்வித்துறையிலேயே பணியாற்றினார். ஆண்களில் இது 34, பெண்களில் 40. அப்படிப்பட்ட தம்பதியரில், அறிவியல் துறைப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 83 விழுக்காட்டினரின் துணைவரும் விஞ்ஞானியே. ஆண் விஞ்ஞானிகளிடம் இது 54 விழுக்காடுதான். இருவரில் யாருடைய பணி முதன்மையானது என்ற கேள்விக்கு ஆண்களில் பாதிப்பேர் தம்முடையது என்றார்கள். அப்படிச் சொன்ன பெண்கள் ஐந்தில் ஒருவர். பெண் விஞ்ஞானிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று ஆண்டறிக்கையில் எழுதும் நிறுவனம், துணைவர் பற்றிய கேள்விக்குப் பதில் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்பதே இந்த எண்களுக்குப் பொருள்.

பழைய பதில் எளிமையானது: கணவன், மனைவி இருவரையும் ஒரே இடத்தில் எடுப்பதில்லை. உறவினர் நியமனத்தைத் தடுக்கவென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வைத்திருந்த விதி, நடைமுறையில் மனைவியரைத்தான் வெளியே நிறுத்தியது. ப்ராகில் பிறந்த உயிர்வேதியியலாளர்கள் கெர்ட்டி கோரியும் கார்ல் கோரியும் 1931-இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கணவருக்குத் துறைத்தலைவர் பதவி. அதுவரை அவரோடு சமமாக நின்று ஆய்வு செய்த மனைவிக்கு, அவர் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு பெறும் ஆய்வு உதவியாளர் பணி. கெர்ட்டி முழுப் பேராசிரியர் ஆனது 1947-இல். நோபல் பரிசும் அதே ஆண்டில்தான். அணுக்கருவின் கூடு அமைப்பை விளக்கிய மரியா கெப்பர்ட் மேயர், வேதியியலாளரான கணவரோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலம்பியா, சிகாகோ என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்குப் போனார். சிகாகோவில் அவர் சம்பளம் இல்லாத பேராசிரியர். இந்தியாவில் அப்படியோர் எழுத்துவிதியை நான் பார்த்ததில்லை. ஆனால் "ஒரே துறையில் இருவர் வேண்டாமே" என்று தேர்வுக்குழுவில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எழுதாத விதியை எதிர்த்து முறையீடு செய்யவும் வழியில்லை.

அரசு ஊழியருக்கு இருக்கிற வசதி இவர்களுக்கும் உண்டே என்று சிலர் நினைப்பதுண்டு. கணவன் மனைவி இருவரையும் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய பணியாளர் துறை 2009-இல் வலியுறுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது உண்மை. ஆனால் அது பணியிட மாறுதல் உள்ளவர்களுக்குப் பயன்படும் ஏற்பாடு. ஐ.ஐ.டி., ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம்) போன்றவை ஒவ்வொன்றும் தனித்தனித் தன்னாட்சி அமைப்பு. ஐசர் மொகாலியில் இருப்பவரை ஐசர் புனேவுக்கு மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. அங்கே போக வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பித்து, புதிதாக நேர்காணலுக்குப் போக வேண்டும். ஆகவே ஆய்வாளர் தம்பதியரின் நிலை வங்கி ஊழியர் தம்பதியரின் நிலையைவிடக் கடினமானது.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். முதலாவது, இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் முழுமையான இரண்டு நிரந்தரப் பணிகள். மரியா மேயரைப்போல் காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்ததும் இதுதான்: 1960-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் மரியா, ஜோசப் இருவரையும் பேராசிரியர்களாக அழைத்துக்கொண்டது, மூன்றே ஆண்டில் அந்த இளம் வளாகத்தின் ஆசிரியர் பட்டியலில் ஒரு நோபல் பரிசு சேர்ந்தது. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நார்வேயில் உண்டு. மூளை ஆய்வாளர்களான மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் முனைவர் பட்டம் முடித்த மறு ஆண்டே, பிரிட்டனில் போஸ்ட்டாக் எனப்படும், பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சிக் காலம் முழுமையாக முடிவதற்கு முன்பே, 1996-இல் ட்ரோன்ட்ஹைம் பல்கலைக்கழகம் இருவருக்கும் தனித்தனி இணைப் பேராசிரியர் பணியும் ஆய்வகம் அமைக்க வசதியும் கொடுத்தது. ஆஸ்லோவோடு ஒப்பிட்டால் ட்ரோன்ட்ஹைம் ஒதுங்கிய ஊர். அந்த ஊருக்கு ஒருவரை மட்டும் அழைத்திருந்தால் வந்திருப்பாரா என்பது ஐயம்; இருவரை அழைத்ததால் இருவரும் வந்தார்கள். மூளையில் இடத்தை அளக்கும் கட்ட உயிரணுக்களை அவர்கள் குழு 2005-இல் அறிவித்தது, 2014-இல் நோபல். மணவாழ்வில் பிரிந்த பிறகும் இருவரும் ட்ரோன்ட்ஹைமிலேயே ஆய்வைத் தொடர்ந்தார்கள். "நாளை இவர்கள் பிரிந்துவிட்டால் என்ன செய்வது?" என்று தேர்வுக்குழுவில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுவே: பணிகள் இரண்டும் தனித்தனியாக நிற்குமானால், நிறுவனம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒரு பங்கீட்டைப் பழக்கத்தில் வைத்திருக்கின்றன. இரண்டாமவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை முதலாமவரை எடுத்த துறையும், ஒரு பங்கை இரண்டாமவரை ஏற்கும் துறையும், மீதியைப் பல்கலைக்கழகத்தின் மைய நிர்வாகமும் முதல் சில ஆண்டுகளுக்கு ஏற்கின்றன. இந்தியாவில் இது அப்படியே பொருந்தாது. இங்கே பணியிடத்துக்கு ஒப்புதல் வேண்டும், விளம்பரம் வேண்டும்; மத்தியக் கல்வி நிறுவனங்களில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசைப்படுத்தும் இடஒதுக்கீட்டு ரோஸ்டரும் உண்டு, அதைத் தாண்டி ஒருவருக்காக ஓர் இடத்தை உருவாக்க முடியாது, உருவாக்கவும் கூடாது. ஆனால் பல நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் விண்ணப்பம் பெறும் விளம்பரத்தை வைத்திருக்கின்றன. இருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, தனித்தனித் தேர்வுக்குழுக்களால் மதிப்பிடப்பட்டு, இரண்டு முடிவுகளும் ஒரே வாரத்தில் வெளியாகும்படி நாள் குறிப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. தடையாக இருப்பது கோப்பு நகரும் வேகம்தான். ஒருவரின் முடிவு மார்ச்சிலும் மற்றவருடையது நவம்பரிலும் வருமானால், இடைப்பட்ட எட்டு மாதத்தில் அந்தத் தம்பதியர் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாமவர் தரம் குறைந்தவராக இருப்பார் என்ற அச்சம் எல்லாக் குழுக்களிலும் உண்டு. மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு அறிக்கை, இப்படிச் சேர்ந்த இரண்டாமவர்களின் ஆய்வு வெளியீடு துறையின் மற்ற ஆசிரியர்களுடையதிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை என்றே கண்டது. என் அனுபவமும் அதுவே. யார் முதலாமவர், யார் இரண்டாமவர் என்பது பெரும்பாலும் யாருடைய விண்ணப்பம் முதலில் பார்வைக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கணவர் துறைத்தலைவர் ஆகும்போது மனைவியின் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசைக்கு வரும். அந்தக் கோப்பு நேராக டீனுக்குப் போக வேண்டும் என்று நியமன நாளிலேயே எழுதி வைத்துவிட்டால் இது தீரும். எழுதாமல் விட்ட இடங்களில்தான் பத்தாண்டு கழித்துத் துறை இரண்டு முகாமாகப் பிரிகிறது. இன்னொன்று, நிர்வாகத்தினர் மகிழத்தக்கது: வளாகக் குடியிருப்புக்குப் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஒரே வீட்டில் இரண்டு ஆசிரியர்கள் குடியேறுவார்கள், இரண்டாமவருக்கு விதிப்படி வீட்டுவாடகைப்படியும் தர வேண்டியதில்லை. சிக்கனத்தைப் பற்றிப் பேசும் நிதிக்குழுவில் இதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டாவது ஏற்பாடு, ஒருவருக்கு நிரந்தரப் பணி, மற்றவருக்கு வெளியிலிருந்து பெறும் ஆய்வு உதவித்தொகை. இன்ஸ்பயர் ஃபேகல்ட்டி, வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கான ராமானுஜன், ராமலிங்கசாமி உதவித்தொகைகள் எல்லாம் ஐந்தாண்டுக்கானவை. சம்பளமும் தனி ஆய்வு நிதியும் தருபவை. ஏற்கெனவே நிரந்தரப் பணியில் இருக்கும் பெண் விஞ்ஞானி குடும்பத்துக்காக ஊர் மாற நேர்ந்தால், புதிய ஊரில் சில ஆண்டுகள் ஒப்பந்த ஆய்வாளராக இருக்க, அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண் விஞ்ஞானிகளுக்காக நடத்திய கிரண் திட்டத்தில் தனிப் பிரிவே இருந்தது. நிறுவனத்துக்கு இதில் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓர் அறையும் ஓர் ஒப்புதல் கடிதமும் போதும். அதனால்தான் "பார்க்கலாம்" என்பது பெரும்பாலும் இங்கே வந்து முடிகிறது.

இந்த ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்வேன். முதல் இரண்டாண்டு எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு வேறுபாடுகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். பல நிறுவனங்களில் தற்காலிகப் பணியில் இருப்பவர் முனைவர் பட்ட மாணவருக்குத் தனி வழிகாட்டியாக இருக்க முடியாது. மாணவர், கணவர் பெயரில் பதிவு செய்துகொண்டு மனைவியின் ஆய்வகத்தில் வேலை செய்வார். பெரிய நல்கைக்கு விண்ணப்பிக்க, திட்டம் முடியும் நாள்வரை பணிக்காலம் இருக்கிறது என்று நிறுவனம் சான்று தர வேண்டும். அது இல்லையென்றால் விண்ணப்பமும் கணவர் பெயரில் போகும். கட்டுரையில் ஆய்வகத் தலைவருக்குரிய இடமான கடைசி ஆசிரியராக யார் பெயர் வரும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாண்டு முடிந்து நிரந்தரப் பணிக்கு அவர் விண்ணப்பிக்கும்போது, "இவர் தனித்து என்ன செய்தார்?" என்று தேர்வுக்குழு கேட்கும். தனித்துச் செய்ய விடாத அதே நிறுவனம்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறது. ஒரு வளாகத்தின் தாழ்வாரத்தில் நடந்துபோகும்போது இதை நான் கண்ணால் பார்த்தேன்: கதவுகளிலெல்லாம் அலுமினியத்தில் பொறித்த பெயர்ப்பலகை, ஒரு கதவில் மட்டும் செல்லோடேப் ஒட்டிய ஏ4 தாள். தாளின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. உள்ளே இருந்தவர் அங்கே நான்காம் ஆண்டில் இருந்தார்.

ஆனாலும் இதை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. பணியிடம் காலியில்லாத ஆண்டில், தகுதியான ஒருவரை ஊரில் தக்கவைக்க வேறு வழி இருக்காது. மூன்று நிபந்தனைகளோடு இதை ஏற்கலாம் என்பது என் கருத்து. மாணவரைப் பதிவுசெய்யும் உரிமை அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் முடிவில், ஒரு குறிப்பிட்ட தேதிக்குள், நிரந்தரப் பணிக்கான மதிப்பீடு நடக்கும் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். அந்த மதிப்பீட்டில் தோற்றால் மீதி இரண்டாண்டில் வேறிடம் தேட அவருக்கு அவகாசம் கிடைக்கும் என்பதை நிறுவனமும் அவரும் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும். முடியாது என்று மூன்றாம் ஆண்டில் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுவரை முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பதில் அது இல்லை.

மூன்றாவது, ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள். பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகம், உயிரியல் ஆய்வுக்கான என்.சி.பி.எஸ்., ஜவஹர்லால் நேரு உயராய்வு மையம், ராமன் ஆய்வு நிறுவனம், வானியற்பியல் நிறுவனம் எல்லாம் ஒரே நகரத்தில் இருக்கின்றன. புனேயில் ஐசர், தேசிய வேதியியல் ஆய்வகம், வானியலுக்கான ஐயூக்கா, ஐதராபாத்தில் உயிரணு ஆய்வுக்கான சி.சி.எம்.பி., மத்தியப் பல்கலைக்கழகம், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) வளாகம். சென்னையில் கணிதவியலாளர் தம்பதியரில் ஒருவர் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்திலும் மற்றவர் சிறுசேரியின் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் இருக்க முடியும், ஐ.ஐ.டி.யும் பக்கத்திலேயே. துணைவரே துணைவரை மதிப்பிடும் சங்கடம் இதில் இல்லை, இரண்டாமவரும் இங்கே இரண்டாமவராக இல்லை. அளவுகோலில் இது முதல் ஏற்பாட்டுக்கு இணையானது.

குறை என்னவென்றால், இது இதுவரை ஏற்பாடாக நடப்பதில்லை, அதிர்ஷ்டமாக நடக்கிறது. ஒரு நிறுவனத்தின் டீன் பக்கத்து நிறுவனத்தின் டீனை எங்கோ ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் பார்த்து, "எங்களிடம் ஒருவர் வருகிறார், அவர் கணவரின் விவரத்தை அனுப்பட்டுமா?" என்று கேட்டால் உண்டு. அமெரிக்காவில் வட்டார அளவில் கல்வி நிறுவனங்கள் கூடி, எல்லாப் பணியிடங்களையும் ஒரே இடத்தில் வெளியிடும் கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்தே இயங்கி வருகிறது; ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சூரிக்கின் ஈ.டி.எச். போன்றவை துணைவருக்கு வேலை தேட உதவவே தனி அலுவலகம் வைத்திருக்கின்றன. பெங்களூருவுக்கும் புனேவுக்கும் இப்படியொரு பொதுப் பட்டியல் வைக்க ஒரு அலுவலரும் ஒரு கணினியும் போதும். ஆனால் நகரத்தில் இல்லாத நிறுவனம் இதை நம்ப முடியாது. திருவனந்தபுரம் ஐசர் இருப்பது நகரத்தில் அன்று, பொன்முடி மலையடிவாரத்தில் விதுராவில். அங்கே பணிக்கு வரும் வேதியியலாளரின் மனைவி வானியலாளர் என்றால், அடுத்த வாசல் என்று எதுவும் இல்லை.

ஒரே பணியை இருவர் பகிர்ந்துகொள்ளும் நான்காவது ஏற்பாடு அமெரிக்காவின் சிறு கலைக்கல்லூரிகள் சிலவற்றில் நன்றாகவே நடக்கிறது. இங்கே ஊதியவிதி, ஓய்வூதியம், பணிமூப்பு ஆகிய எதுவும் அரைப்பணியை அறியாது. இருவரும் சேர்ந்து ஒன்றரை ஆள் வேலை செய்து ஓர் ஆள் சம்பளம் வாங்குவார்கள் என்பதும் ஊகிக்கக்கூடியதே. இதை விட்டுவிடலாம்.

கடைசியாக, வெவ்வேறு ஊரில் இருந்துகொண்டே இருவரும் ஆய்வைத் தொடர்வது. இதை ஏற்பாடு என்று யாரும் சொல்வதில்லை. இந்தியாவில் மிகப் பலர் வாழ்வது இப்படித்தான். நானும் என் கணவரும் நான்காண்டுகள் சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே இரவு ரயிலில் கழித்தோம். என் ஆய்வு உயிரணு வளர்ப்பு சார்ந்தது. தட்டில் வளரும் உயிரணுக்கள் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பிரித்துவிடப்பட வேண்டும். நான் ரயிலில் இருக்கும் சனிக்கிழமை அதைச் செய்யச் சொல்லி மாணவரிடம் கெஞ்சிவிட்டுப் போவேன். அவருக்கும் வீடு உண்டு, காய்ச்சல் உண்டு. திங்கள் காலை ரயில் நிலையத்திலிருந்து பையோடு நேரே ஆய்வகத்துக்குப் போய் இன்குபேட்டரைத் திறந்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகிக் கிடக்கும். மஞ்சள் என்றால் இடம் போதாமல், அமிலம் கூடி, உயிரணுக்கள் சாகத் தொடங்கிவிட்டன என்று பொருள். மூன்று வார வேலை தொட்டிக்குப் போகும். அப்படிப் போன திங்கட்கிழமைகளை நான் எண்ணி வைக்கவில்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நிறுவனம் செய்யக்கூடியது பணச்செலவில் மிகக் குறைவு. வகுப்புகளை வாரத்தின் மூன்று நாட்களுக்குள் அடக்கித் தருவது. ஒவ்வொருவருக்கும் மற்றவரின் நிறுவனத்தில் வருகைதரு ஆய்வாளர் தகுதி பெற்றுத் தந்து, அங்கே ஒரு மேசையும் நூலக அனுமதியும் கிடைக்கச் செய்வது. ஆய்வுவிடுப்பைத் துணைவர் ஊரில் கழிக்க இசைவது. வார இறுதியில் உயிரணுக்களையும் விலங்குகளையும் செடிகளையும் பார்த்துக்கொள்ள ஒரு தொழில்நுட்பப் பணியாளரை எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவாக வைப்பது. இவற்றில் கடைசியில் சொன்னது எனக்குக் கிடைத்திருந்தால் அந்த நான்காண்டில் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பேன். இப்போது பலர் சேர்ந்து வாழ்வதற்காகப் பயன்படுத்துவது குழந்தைப் பராமரிப்பு விடுப்பை. பெண் அரசு ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் அனுமதிக்கும் அந்த விடுப்பு, குழந்தை வளர்ப்புக்காக வந்தது. அதை ஊர் மாறுதலுக்குச் செலவிட்டால், குழந்தைக்கு உண்மையிலேயே தேவைப்படும் பத்தாம் வகுப்பு ஆண்டில் கையில் நாள் இருக்காது.

எதைத் தேர்வது என்பது, ஆகவே, பெரும்பாலும் ஊரைப் பொறுத்தது. பெருநகரத்தில் உள்ள நிறுவனம் தன் முயற்சியைப் பக்கத்து நிறுவனங்களோடு பொதுப் பட்டியல் வைப்பதில் செலவிடலாம். அது மலிவு, இரண்டாமவருக்கும் நல்லது. பெர்ஹாம்பூரிலோ திருப்பதியிலோ பாலக்காட்டிலோ புதிதாக எழும்பும் நிறுவனத்துக்கு இரண்டு முழுப் பணிகளைத் தவிர வேறெதுவும் நெடுநாள் நிற்காது. அதற்கு முடியாத ஆண்டில் முடியாது என்று உடனே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. பெருநகர நிறுவனங்கள் தம்பதியரைப் பற்றித் தயங்கிக்கொண்டிருக்கும்வரை, சிறு ஊர் நிறுவனங்களுக்கு இது குறையன்று, வாய்ப்பு: வேறெங்கும் இணைந்து வேலை கிடைக்காத நல்ல ஆய்வாளர்கள் இருவரை ஒரே அழைப்பில் பெறலாம், அவர்கள் எளிதில் விட்டுப் போகவும் மாட்டார்கள். உதவித்தொகை வழி, தேதி குறித்த மதிப்பீட்டோடு மட்டும், எங்கும் இரண்டாவது தேர்வாக இருக்கலாம். வார இறுதி உதவிகள் எந்தத் தேர்வோடும் போட்டியிடுபவை அல்ல. அவற்றை நாளையே தொடங்கலாம்.

இதில் எதுவானாலும், கேள்வி பத்தாம் நாள் மின்னஞ்சலில் வருவதற்கு முன்பே வர வேண்டும். நேர்காணல் மேசையில் "கணவர் எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்பது தவறு, அந்தக் கேள்வி பெண்களிடம் மட்டுமே கேட்கப்படுகிறது, பதிலும் மதிப்பெண்ணுக்குள் போய்விடுகிறது. மாறாக, பணி விளம்பரத்தின் அடியிலேயே, துணைவரும் ஆய்வாளராக இருப்பவர்கள் தேர்வுக்குழுவில் இல்லாத இன்ன அலுவலருக்குத் தனியே எழுதலாம், அது தேர்வுக்குழுவின் பார்வைக்குப் போகாது என்று இரண்டு வரி போட்டுவிட்டால், கோப்புகள் இரண்டும் ஒரே நாளில் புறப்படும்.